எண்ணும்மை

சுப்ரியோ வழக்கின் தீர்ப்பு 366 பக்கம். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நான்கு தனித்தனி தீர்ப்புரைகள். 2023 அக்டோபர் 17 அன்று அது வெளிவந்தபோது எல்லாரும் முடிவைத்தான் தேடினார்கள். தன்பால் இணையர் திருமணம் செய்துகொள்ள அடிப்படை உரிமை உண்டா? இல்லை என்று ஐந்து பேரும் சொல்லிவிட்டார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் ஒரு சிவில் இணைவுக்காவது உரிமை உண்டா, இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து, அங்கேயும் இல்லை என்றே ஆனது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி. அத்தோட பேச்சு அடங்கிடுச்சு.

முடிவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்தத் தீர்ப்பை ஒரு பிரதியாக வாசித்தால் அதில் ஒரு பெண் வருகிறாள். ஒன்றிய அரசு தன் பிரமாணப் பத்திரத்தில் இந்தக் கோரிக்கையை நகரத்து மேட்டுக்குடியின் பார்வை என்று சொல்லியிருந்தது. அதற்குப் பதில் எழுதும் தலைமை நீதிபதி சந்திரசூட், மாநகரத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டு நல்ல வேலையில் இருக்கும் ஆண் மட்டும் பால்புதுமையினர் கிடையாது, வயலில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அதே அளவுக்கு அப்படி இருக்கலாம் என்கிறார். அவ்வளவுதான். அரை வாக்கியத்துக்கு வந்துவிட்டு அவள் போய்விடுகிறாள். மீதிப் பக்கங்களில் நான் அவளைத் தேடினேன். வாதத்துக்கு அவள் தேவைப்பட்டாள். வாதம் முடிந்ததும் அவளை வயலிலேயே விட்டுவிட்டார்கள்.

அவள் எங்க ஊர்க்காரியாக இருந்தால் இந்தத் தீர்ப்பு அவளுக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

திருவரங்குளம் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டில் இருக்கிறது. அரங்குளநாதர் கோயில், சுற்றிலும் தைலமரக் காடு, கொஞ்ச தூரத்தில் வம்பன் பயறு ஆராய்ச்சிப் பண்ணை. இன்னும் கிழக்கே வடகாடு, கீரமங்கலம் என்று போகப் போகப் பலாவும் பூவும் தென்னையும். விடிகாலையில் பூப்பறிக்கப் போகிற பெண்கள் பறிக்கும் பூவெல்லாம் யாரோ ஒருத்தர் கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணம் என்பது காதலுக்குக் கிடைக்கும் பரிசு இல்லை. அது ஊர்க்கணக்கில் ஏறுவது. கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் அம்பது வயசானாலும் அப்பன் கணக்கிலோ அண்ணன் கணக்கிலோ அடக்கம். பல ஊர்களில் பெண்ணைத் தனித் தலைக்கட்டாக எண்ணுவதே கிடையாது. புருஷன் இறந்துபோனால் அரை வரி என்று வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் யார் பேசலாம், யாருக்கு முதலில் திருநீறு, யார் வீட்டுச் சாவுக்கு ஊர் திரண்டு வரும் என்பதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

இன்னொரு கணக்கு மொய் நோட்டு. எங்க அம்மா நாற்பது பக்க நோட்டு மூன்று வைத்திருக்கிறார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு எவ்வளவு செய்தோம் என்று வருஷவாரியாக இருக்கும். எனக்கு 33 வயது. திருச்சியில் எட்டு வருஷமாக ஒருத்தனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். அம்மா அவனை "அந்தத் தம்பி" என்பார். வீட்டு ஓனருக்கு அவன் ரூம்மேட். ஒருமுறை அவனுக்கு அவசரமாகக் குடல்வால் அறுவை செய்ய வேண்டியிருந்தபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். ஃப்ரெண்ட் என்றேன். தஞ்சாவூரிலிருந்து அவன் அக்கா வந்து கையெழுத்துப் போடும்வரை வராந்தாவில் நின்றேன். அம்மாவுக்கு இது தெரியும். அவருடைய கவலை வேறு மாதிரி வெளியே வரும்: "இத்தனை பேருக்குச் செஞ்சு வச்சிருக்கேன். ஒனக்குன்னு ஒரு விசேஷம் வந்தாத்தானேடா இதெல்லாம் திரும்பும்?"

பணத்துக்கு எங்க ஊர் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டது. ஆடி, ஆவணியில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் வந்தால் மொய் விருந்து பார்க்கலாம். கல்யாணமும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே விருந்தாக வைத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. வட்டிக்குப் போகாமல் கிணறு வெட்டவும் கடை வைக்கவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் இந்தப் பணம் உதவியிருக்கிறது. அதாவது தேவை என்று வந்தபோது கல்யாணத்திலிருந்து மொய்யைத் தனியாகப் பிரித்து எடுக்க இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. "நம்ம வழக்கம் மாறாது" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த விருந்துதான் ஞாபகம் வரும்.

ஆனா அம்மா கேட்டது பணத்தை மட்டும் இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சேர்ந்து, நாங்கள் இரண்டு பேரும் ஒரு கணக்காக அடுத்தவர் நோட்டில் ஏறுவதை. அதை மொய் விருந்து தராது.

*

இப்போது தீர்ப்புக்குத் திரும்பலாம். பெரும்பான்மைத் தீர்ப்புரையை எழுதியவர் நீதிபதி ரவீந்திர பட். அவர் கொடுமைக்காரர் கிடையாது. இணையர் சேர்ந்து வாழும் உரிமையை ஏற்கிறார். ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி போன்றவை கணவன் மனைவிக்கே என்று இருப்பதால் இவர்களுக்கு ஏற்படும் பாதிப்பையும் ஒப்புக்கொள்கிறார். அவர் வாதத்தின் எலும்பு இது: திருமணம் அரசுக்கு முந்தைய சமூக நிறுவனம், அதற்குச் சட்டம் வடிவம் கொடுக்கலாம், புதிதாக ஒரு நிறுவனத்தை உருவாக்கித் தா என்று அரசை நீதிமன்றம் பணிக்க முடியாது, அது சட்டமன்றத்தின் வேலை.

இதே நீதிபதி இதற்கு ஐம்பது நாள் முன்பு, 2023 ஆகஸ்ட் 28 அன்று, தமிழ்நாட்டிலிருந்து போன இளவரசன் வழக்கில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டியதில்லை, வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடந்தாலும் செல்லும் என்பது அந்தத் தீர்ப்பு. வீட்டு எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவில் மணம் செய்கிறவர்கள் ஊரைக் கூட்டி அறிவிக்க முடியாது என்ற யதார்த்தம் அதில் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. ஆகஸ்டில் ஊரின் கண்ணிலிருந்து திருமணத்தை விடுவித்த கைதான் அக்டோபரில் திருமணத்தைச் சமூகத்தின் நிறுவனம் என்று சொல்லிச் சமூகத்திடமே திருப்பிக் கொடுத்தது. இரண்டுக்கும் சட்ட ரீதியாக விளக்கம் சொல்லலாம். முதலாவதில் சட்டம் ஏற்கெனவே இருந்தது, இரண்டாவதில் இல்லை. சரி. அந்த முதல் சட்டம் எப்படி வந்தது?

1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் கிடையாது, சடங்கு கிடையாது. அதன்பின் பல ஊர்களில் இப்படி மணம் செய்துகொண்டவர்களைச் சட்டம் கணவன் மனைவியாகப் பார்க்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சடங்கில்லாத இப்படியொரு திருமணம் செல்லாது என்றே சொன்னது. அன்றைக்கும் வாதம் இதுதான்: வழக்கத்தில் இல்லாத ஒன்றை நாங்கள் எப்படித் திருமணம் என்பது? 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. அந்தப் பிரிவின் அழகு அதன் பின்னோக்கிய பார்வையில் இருக்கிறது. இனிமேல் செய்வது செல்லும் என்று நிறுத்தாமல், அதற்கு முன் நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. முப்பத்தொன்பது வருஷம் ஊர் வாயில் விழுந்தவர்களிடம், நீங்கள் அன்றைக்கே கணவன் மனைவிதான் என்று அரசு சொன்னது.

7-அ பிரிவின் வாசகத்தை இன்னும் நெருங்கிப் பாருங்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், ஏதேனும் இரு இந்துக்கள் செய்துகொள்ளும் திருமணம் என்றுதான் அது ஆரம்பிக்கிறது. ஏதேனும் இருவர்! மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லலாம். கணவன், மனைவி என்ற இரண்டு சொற்கள் அதற்குப் பிறகுதான் வந்து வழியை அடைக்கின்றன. சொற்கள் அசையாதவை என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தூத்துக்குடியில் ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டபோது, சட்டத்தில் இருக்கும் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று வாசித்தார். புதுக்கோட்டையும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது. திருநர் ஆண்-பெண் இணையாக மணம் செய்துகொள்ள இப்போதுள்ள சட்டத்திலேயே உரிமை உண்டு என்பதைச் சுப்ரியோ தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளுமே ஏற்றார்கள். ஆக, ஒரு சொல் ஏற்கெனவே விரிந்துவிட்டது.

*

புதுக்கோட்டைக்கு இந்த விஷயத்தில் தனி அனுபவமே இருக்கிறது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்க மறுத்தது. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு வாரிசுரிமை கிடையாது என்றது. 1928இல் மன்னர் பாரீஸில் இறந்தபோது, அரியணை தொண்டைமான் குடும்பத்திலேயே வேறொரு சிறுவனுக்குப் போனது. கையில் கல்யாணச் சான்றிதழ் இருந்தும் கணக்கில் ஏறாத கல்யாணம். ராஜாவுக்கே அந்தக் கதி.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1914இல், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்து, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செய்த திருமணம். அன்றைக்கு அந்தச் சட்டத்தில் மணம் செய்கிறவர்கள், நாங்கள் இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இருக்கிற வீடுகள் எதிலும் இடமில்லாதவர்களுக்காகக் கட்டிய சின்னத் திண்ணை அது. அதன் இடத்தில் வந்ததுதான் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். 2023இல் மனுதாரர்கள், இந்தச் சட்டத்தைப் பாலின வேறுபாடு இல்லாமல் வாசியுங்கள் என்றுதான் கேட்டார்கள். திண்ணையில் இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

*

நம்ம படங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன? 2025 பிப்ரவரியில் வந்த 'காதல் என்பது பொதுவுடமை' நேர்மையான முயற்சி. மகள் காதலிப்பதாகச் சொல்கிறாள். வரப்போகும் பையனுக்காகக் காத்திருக்கும் அம்மா முன்னால் ஒரு பெண் வந்து நிற்கிறாள். முற்போக்கான அம்மாவின் முற்போக்கு எங்கே முடிகிறது என்று ரோகிணியின் முகம் காட்டுகிறது. ஆனால் படத்தின் உலகம் அந்த வீட்டு வரவேற்பறை. அம்மா ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிற உலகம். எங்க ஊரில் அம்மா ஏற்றுக்கொண்டாலும் தீராது. அம்மாவே அந்தக் கணக்கில் பாதியாகத்தான் இருக்கிறார்.

ஜியோ பேபியின் 'காதல் - தி கோர்' அந்த வகையில் ஒரு படி முன்னே நிற்கிறது. தீர்ப்புக்கு ஐந்து வாரம் கழித்து வந்த மலையாளப் படம். அதில் கிராமம் இருக்கிறது, உள்ளாட்சி இடைத்தேர்தல் இருக்கிறது, ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர் மேத்யூ இருக்கிறார். அதைவிட முக்கியமாக ஓமனா இருக்கிறாள். தன்பால் ஈர்ப்புள்ள ஒருவருக்கு மனைவியாகப் பல வருஷம் வாழ்ந்து விவாகரத்து கேட்கும் பெண். இந்த விவாதத்தில் யாருமே பேசாத ஆள் அவள்தான். "கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்று நாம் நடத்தி வைக்கும் கல்யாணங்களில் கட்டப்படுவது இரண்டு பேரின் கால். தன்பால் திருமணம் குடும்ப அமைப்பைக் குலைக்கும் என்கிறவர்கள் இப்படி நடந்துகொண்டிருக்கும் கல்யாணங்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்? அந்த வயல்காரப் பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் ஒரே வழியும் இதுதான். எனக்குத் திருச்சியும் சம்பளமும் ஒரு வாடகை வீடும் இருக்கின்றன. அவளுக்கு இருபத்திரண்டு வயசில் ஒரு தாய்மாமன் மகன் இருப்பான்.

*

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: ஏன்டா, சாதியைக் காப்பாத்துற அந்தக் கல்யாணத்துக்குள்ள போய் இடம் கேக்குறே? நியாயமான கேள்வி. தலைக்கட்டு என்பதே சாதிக் கணக்கு. சட்டப்படி பதிவு செய்த ஆண்-பெண் திருமணத்தையே வெட்டிச் சாய்த்த மாநிலம் இது. உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கருக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். பதிவுச் சான்றிதழ் அரிவாளைத் தடுக்காது. அப்புறம், திருமணத்துக்கு வெளியேயும் வழிகள் திறக்கின்றன. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் தொடங்கிக் காவல்துறைவரை மாற்றக் கேட்டார். 2022இல் பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் ஒரு விதியே சேர்ந்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி கிடையாது, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றார்கள்.

அந்த 2025 தீர்ப்பில் ஒரு இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. பெற்றோர் அடைத்து வைத்த தன் இணையை மீட்க ஆட்கொணர்வு மனு போட்ட பெண், மனுவில் தன்னை நெருங்கிய தோழி என்று மட்டுமே எழுதியிருந்தார். நீதிபதிகள் நேரில் கேட்டபிறகு மீட்கப்பட்ட பெண்தான் உண்மையான உறவைச் சொன்னார். காப்பாற்றக் கேட்டு வந்த இடத்திலேயே எழுத முடிந்த சொல் 'தோழி'. மருத்துவமனை வராந்தாவில் எனக்கு வாய்த்த 'ஃப்ரெண்ட்'டும் அதே சொல்தான். தேர்ந்தெடுத்த குடும்பம் நல்ல கருத்து. அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர் வேண்டும், அந்தப் பெயரை மூன்றாம் ஆள் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும். திருமணத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கும் வேண்டும். அதைச் சொல்ல முதலில் அது எனக்குக் கிடைக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

2024இல் ஒன்றிய அரசு சிலவற்றைச் செய்தது. ரேஷன் அட்டைக்கு இணையரை ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் கேட்டுப் பெறலாம். இவற்றை நான் கேலி செய்ய மாட்டேன். ரேஷன் அட்டையில் ஒன்றாக இருப்பது எங்க ஊரில் பெரிய விஷயம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: அரிசி, பணம், பிணம். நடுவில் இருக்கும் நாற்பது வருஷ வாழ்க்கைக்குத்தான் பெயர் இல்லை.

சட்டமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் மூடிய கதவாகவே வாசித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வாசித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1967இல் இந்த மாநிலம் தன் திருத்தத்தைத் தானே எழுதி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியிருக்கிறது. 7-அ பிரிவு இந்துக்களுக்கு மட்டுமானது, மற்றவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் மாற வேண்டும் என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு நம் கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒப்புதல் கிடைப்பது கடினம் என்பார்கள். 1928இல் சுக்கிலநத்தத்தில் நின்றவர்களுக்கும் எதுவும் எளிதாக இல்லை. அவர்களுக்கு வேறு ஒன்று இருந்தது: வந்து நின்று பார்த்த கூட்டம். சட்டம் வரும்வரை அவர்களைக் கணவன் மனைவி என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். நேபாளத்தில் 2023 நவம்பரில் இப்படியொரு திருமணம் முதலில் பதிவானது காத்மாண்டுவில் இல்லை, லம்ஜுங் மாவட்டத்தின் ஒரு கிராமத்து உள்ளாட்சி அலுவலகத்தில்.

பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்திருப்பீர்கள்: இரண்டு பெயர்களைச் சேர்த்து எண்ணுகிற 'உம்'முக்கு எண்ணும்மை என்று பெயர். இன்னாரும் இன்னாரும். அந்த வயல்காரப் பெண்ணும் அவளுடைய ஆளும். அரசு அந்த 'உம்'மை எழுதித் தர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. அடுத்த ஆவணியில் கீரமங்கலத்தில் ஏதாவது ஒரு மொய் மேசையில், உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து வந்து பணத்தை நீட்டினால், பெயர் எழுதுகிறவரிடம் ரெண்டு பேரையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு யார் ஒப்புதலும் வேண்டியதில்லை.